ஜி.ஆர்.ஈ. சொல்வள வினாக்களுக்கு ஆயத்தமாதல்: மலையகப் பட்டதாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

பேராதனையில் பொறியியலோ விஞ்ஞானமோ, பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் தொழில்நுட்பமோ கற்றுப் பட்டம் பெற்று, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமாணி அல்லது கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க எண்ணும் மலையகத் தமிழ் மாணவர், ஜி.ஆர்.ஈ. பொதுப் பரீட்சையின் கணிதப் பகுதியைக் கண்டு அஞ்சுவது அரிது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவருக்கு அங்கே புதிதாகக் கற்க அதிகம் இல்லை. அவரைத் தயங்க வைப்பது மொழிப் பகுதி. அதிலும் குறிப்பாக, வாக்கியத்தின் வெற்றிடத்துக்குப் பொருத்தமான சொல்லைத் தெரிவு செய்யச் சொல்லும் வினாக்கள். பதின்மூன்று ஆண்டுகள் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில்தான் ஆங்கில மொழிமூலத்துக்கு மாறியவருக்கு இந்தத் தயக்கம் இயல்பானதே.

தயக்கம் வந்ததும் நம்மவர் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். ஒரு நீண்ட சொற்பட்டியலை இணையத்திலிருந்து இறக்கி, சி.ஆர். கொப்பியை நடுவே கோடிட்டு, இடப்புறம் ஆங்கிலச் சொல்லும் வலப்புறம் தமிழ்ப் பொருளும் எழுதி, ‘ஏ’ எழுத்திலிருந்து மனனம் செய்யத் தொடங்குவார்கள். ‘டி’ எழுத்தை எட்டுவதற்குள் ‘ஏ’ எழுத்துச் சொற்கள் மறந்து போகும். இவ்வழிகாட்டி வேறொரு வரிசையை முன்வைக்கிறது: முதலில் வாக்கியத்தை வாசிக்கும் முறை, அதன் பின்னரே சொற்கள். இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றின் எழுத்துக்கூட்டலை அகராதியில் தேடிக் கண்டு கொப்பியில் குறித்துக்கொள்வதையே உங்கள் முதற் பயிற்சியாகக் கொள்ளலாம்.

பரீட்சை தேவையா என்பதை முதலில் அறிதல்

2020 ஆம் ஆண்டின் பின்னர் பல பல்கலைக்கழகத் துறைகள் ஜி.ஆர்.ஈ. பெறுபேற்றைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்திவிட்டன. ஒரே பல்கலைக்கழகத்திலேயே ஒரு துறை கேட்கும், அடுத்த துறை கேட்காது, மூன்றாவது துறை விரும்பினால் அனுப்பலாம் என்று சொல்லும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தை நம்பாமல், விண்ணப்பிக்கும் துறையின் சேர்க்கைப் பக்கத்தை அந்தந்த ஆண்டுக்குரியதாகப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஐயம் இருப்பின் துறையின் பட்டப்பின் கற்கை இணைப்பாளருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் போதும். கொழும்பிலுள்ள அமெரிக்க–இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவும் அமெரிக்காவில் கற்க விரும்புவோருக்கு ஆலோசனை வழங்குகிறது.

‘விரும்பினால் அனுப்பலாம்’ என்ற நிலையில் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். உங்கள் பட்டத்தின் வகுப்பு நிலை சிறப்பாக இருந்து, ஆய்வு அனுபவமும் இருக்குமாயின், அந்த மாதங்களை ஆய்வுக் கட்டுரை ஒன்றை முடிப்பதில் செலவிடுவதே மேல் என்பது என் எண்ணம். சேர்க்கைக் குழுவுக்கு அறிமுகமில்லாத பல்கலைக்கழகத்திலிருந்து செல்பவருக்கோ, பெறுபேற்று அட்டவணையில் ஓரிரு பலவீனமான அரையாண்டுகள் உள்ளவருக்கோ நல்ல புள்ளி துணை செய்யக்கூடும்.

பரீட்சையின் வடிவம்

2023 செப்டெம்பர் 22 முதல் பரீட்சை சுருக்கப்பட்டு, முழுவதும் ஒரு மணி 58 நிமிடங்களில் முடிகிறது. மொழிப் பகுதி இரு பிரிவுகளைக் கொண்டது: முதற் பிரிவில் 18 நிமிடங்களில் 12 வினாக்கள், இரண்டாம் பிரிவில் 23 நிமிடங்களில் 15 வினாக்கள். முதற் பிரிவில் நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பிரிவின் கடினம் மாறும். புள்ளிகள் 130 இலிருந்து 170 வரை. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை.

மொத்தமுள்ள 27 வினாக்களில் ஏறத்தாழப் பாதி வாசித்து விளங்கும் பந்திகளைச் சார்ந்தவை. எஞ்சியவையே நாம் இங்கு பேசும் இரு வகைகள். முதல் வகை வாக்கிய நிரப்பல்: ஒன்று முதல் ஐந்து வாக்கியங்கள் கொண்ட சிறு பந்தியில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று வெற்றிடங்கள் இருக்கும். ஒரே வெற்றிடமாயின் ஐந்து தெரிவுகள். இரண்டோ மூன்றோ ஆயின் ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள். எல்லா வெற்றிடங்களும் சரியாக இருந்தால் மட்டுமே புள்ளி கிடைக்கும். இரண்டாவது வகை வாக்கியச் சமன்: ஒரே வாக்கியம், ஒரே வெற்றிடம், ஆறு தெரிவுகள், அவற்றுள் வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தெரிவு செய்ய வேண்டும். இங்கும் அரைப் புள்ளி கிடையாது.

இவ்விடத்தில் பழைய புத்தகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2011 ஓகஸ்ட் மாதத்துக்கு முன்னர் இப்பரீட்சையில் எதிர்ச்சொல் வினாக்களும் சொல்லுறவு வினாக்களும் இருந்தன. எதிர்ச்சொல் வினாவில் வாக்கியமே கிடையாது; தனிச்சொல் ஒன்றைத் தந்து அதற்கு எதிரானதைக் கேட்பார்கள். அந்தச் சொல் தெரிந்தால் புள்ளி, தெரியாவிட்டால் இல்லை. ஆயிரக்கணக்கான சொற்களை மனனம் செய்யும் வழக்கம் அக்காலத் தேவையிலிருந்து பிறந்தது. வினாக்கள் போய்விட்டன, வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. மூத்த மாணவர் விட்டுச்சென்றதாகவோ பழைய புத்தகக் கடையில் வாங்கியதாகவோ கைக்கு வரும் தடித்த நூலில் எதிர்ச்சொல் பயிற்சி இருக்குமாயின், அதை ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் பிழை எங்கே உள்ளது என்று கண்டறிதல்

படிக்கத் தொடங்குவதற்கு முன்னரே ஒரு முழு மாதிரிப் பரீட்சையை நேரக் கட்டுப்பாட்டுடன் செய்யுங்கள். பரீட்சையை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனம் பவர்பிரெப் என்ற பெயரில் இரு மாதிரிப் பரீட்சைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒன்றை இப்போது செய்து, மற்றதைப் பரீட்சைக்கு இரு வாரங்களுக்கு முன்னர் செய்வதற்கு விட்டுவையுங்கள்.

பின்னர், பிழைத்த ஒவ்வொரு வினாவையும் எடுத்து, பிழையின் காரணத்தை எழுதுங்கள். தெரிவுகளில் இருந்த சொல்லின் பொருள் தெரியவில்லையா? சொற்கள் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது பிடிபடவில்லையா? அல்லது நேரம் போதாமல் ஊகித்தீர்களா? எனக்குத் தெரிந்த பட்டதாரிகள் பலர் முதலாவதே தம் பிழை என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். விடைத்தாளைப் பிரித்துப் பார்க்கும்போது இரண்டாவது வகைப் பிழைகள் அவர்கள் எண்ணியதைவிட அதிகமாக இருக்கின்றன. சொற்பட்டியல் இரண்டாவது பிழையைத் திருத்தாது.

வாக்கியத்தை வாசிக்கும் முறை

தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் வாசியுங்கள். வெற்றிடத்தில் என்ன வர வேண்டும் என்பதற்கு வாக்கியத்துக்குள்ளேயே ஒரு சான்று இருக்கும். அது இல்லாமல் வினாவை அமைக்கவே முடியாது, ஏனெனில் ஒரு விடை மட்டுமே சரி என்று நிறுவக்கூடியதாக அது இருக்க வேண்டும். சான்றைக் கண்டுகொண்ட பின், வாக்கியம் அதே திசையில் செல்கிறதா, எதிர்த் திசையில் திரும்புகிறதா என்று பாருங்கள். ஆல்தோ, டெஸ்பைட், யெட், ஹவெவர், பாரடொக்ஸிக்கலி போன்றவை திருப்பத்தைக் காட்டும். இன்டீட், மோரோவர், பிகோஸ் போன்றவை அதே திசையில் தொடர்வதைக் காட்டும். முக்காற்புள்ளி வந்தால், அதற்குப் பின்னர் வருவது முன்னர் சொன்னதன் விளக்கம். ‘ஃபார் ஃபுரொம்’ என்பதைத் தூரம் என்று விளங்கிக்கொண்டு இடறுவோர் உண்டு. பரீட்சை வாக்கியங்களில் அது பெரும்பாலும் ‘அதற்கு நேர்மாறாக’ என்றே நிற்கும்.

திசை தெரிந்ததும், வெற்றிடத்துக்கு உங்கள் சொந்தச் சொல் ஒன்றை இடுங்கள். அந்தச் சொல் தமிழில் வந்தால் தமிழிலேயே இருக்கட்டும். ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்று வற்புறுத்தும் ஆசிரியர்கள் உளர். இந்தப் படிக்கு அது தேவையற்ற சுமை. உங்களுக்கு உடனே வரும் மொழியில் பொருளைப் பிடித்துக்கொண்ட பின்னரே கையை எடுத்துத் தெரிவுகளைப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் பார்ப்போம். பின்வருவது நானே அமைத்தது. வாக்கியத்தைத் தமிழில் தருகிறேன், ஏனெனில் இங்கே பயில வேண்டியது அதன் தருக்கம்.

“1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டபோது தோட்ட உரிமையாளர் பலர் அதை (1) ——— ஒன்றாகவே கருதினர்; ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளில் அந்நோய் கோப்பிப் பயிர்ச்செய்கையை ஏறத்தாழ ஒழித்துவிட்டபோது, அவர்கள் தொடக்கத்தில் காட்டிய (2) ——— எவ்வளவு விலைமிக்கது என்பது புலனாயிற்று.”

முதல் வெற்றிடத்துக்கான தெரிவுகள்: ட்ரிவியல், பெர்னிஷஸ், இன்ஸ்குரூட்டபிள். இரண்டாவதற்கு: விஜிலன்ஸ், கொம்பிளேசன்ஸி, பார்சிமொனி.

இங்கே உறுதியான சான்று நடுவில் உள்ளது: நோய் பயிரை ஒழித்தது. ‘ஆயினும்’ என்பது திருப்பம். எனவே முதலில் அவர்கள் எண்ணியது ஒழிவுக்கு எதிரானதாக, அதாவது ‘அற்பமானது’ என்பதாக இருக்க வேண்டும். தெரிவுகளைத் திறந்தால் ட்ரிவியல் அதுவே. பெர்னிஷஸ் என்றால் கேடு விளைவிக்கும். அதை இட்டால் திருப்பத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. இன்ஸ்குரூட்டபிள், விளங்கிக்கொள்ள முடியாதது. விளங்காத நோய் அழிவைத் தருவதில் முரண் எதுவும் இல்லை. பலரும் ஏமாறுவது இதைப் போன்ற தெரிவில்தான், ஏனெனில் 1869 இல் புதிய நோயொன்று புரியாமல் இருந்திருக்கும் என்று நம் பொது அறிவு சொல்கிறது. வாக்கியம் அதைச் சொல்லவில்லை. அந்நோயின் வரலாற்றை நன்கறிந்தவர் கூட இந்த வினாவுக்கு வாக்கியத்துக்குள் உள்ளதைக் கொண்டே விடையளிக்க வேண்டும்.

இரண்டாவது வெற்றிடம் இப்போது எளிது. அற்பம் என்று கருதியவர் காட்டியது மெத்தனம், கொம்பிளேசன்ஸி. விஜிலன்ஸ் என்ற விழிப்பு அதற்கு நேரெதிர். பார்சிமொனி என்ற கஞ்சத்தனத்துக்கு வாக்கியத்தில் சான்றே இல்லை. ‘விலைமிக்கது’ என்ற சொல்லைக் கண்டு காசு பற்றிய பேச்சு என்று எண்ணுபவருக்காக அது வைக்கப்பட்டது. முதல் வெற்றிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். சான்று எந்த வெற்றிடத்துக்கு அருகில் உறுதியாக இருக்கிறதோ அங்கே தொடங்குவதே முறை.

வாக்கியச் சமனில் பொறி வேறு விதமானது. “பேராசிரியர் எழுத்தில் கடுமையானவராயினும் நேரில் பழகும்போது ———” என்ற வாக்கியத்துக்கு ஏமியபிள், காஸ்டிக், ஜீனியல், அசேர்பிக், எரூடைட், பங்சுவல் என்று ஆறு தெரிவுகள் தரப்பட்டால், காஸ்டிக், அசேர்பிக் ஆகிய இரண்டும் ‘சுள்ளென்று பேசும்’ என்ற பொருளில் அழகான சோடியாக அமையும். சோடி சரி, வாக்கியத்துக்குத்தான் பொருந்தாது. விடை ஏமியபிள், ஜீனியல். தெரிவுகளிலே ஒத்த சொற்களைத் தேடி இணைத்துவிட்டு நகர்பவர்களைப் பிடிப்பதற்காகவே இந்த இரண்டாவது சோடி வைக்கப்படுகிறது. வாக்கியத்துக்கு நன்றாகப் பொருந்தியும் தனக்குத் துணை இல்லாமல் நிற்கும் ஒற்றைச் சொல்லும் சில வினாக்களில் வரும். துணை கிடைக்காவிட்டால் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் அதை விட்டுவிடுங்கள்.

சொற்களைத் திரட்டும் முறை

வாக்கிய வாசிப்பை இரண்டு மூன்று வாரங்கள் பயின்ற பின் சொற்களுக்கு வருவோம். சொற்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிவுகளின் பொருள் தெரியாதவருக்குத் தருக்கம் பாதி வழி மட்டுமே துணை வரும். ஆனால் திரட்டும் ஒழுங்கு அகரவரிசையாக இருக்கக்கூடாது. நம் முன்னோர் நிகண்டு கற்ற முறை இதற்கு நல்ல வழிகாட்டி: அங்கே சொற்கள் பொருளால் தொகுக்கப்பட்டிருக்கும், ஒரு சொல் பல பொருள் தரும் இடங்களுக்குத் தனியொரு தொகுதியும் இருக்கும். அந்த இரு ஏற்பாடுகளும் இப்பரீட்சைக்கு அப்படியே பொருந்துகின்றன.

எனவே கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் என்று ஒதுக்குங்கள். குறைவாகப் பேசுதல் என்ற பக்கத்தில் லக்கோனிக், டேர்ஸ், டாசிட்டர்ன், ரெட்டிசன்ட். அதற்கு எதிர்ப்பக்கத்தில் லொக்வேஷஸ், காருலஸ், வேர்போஸ். தணித்தல் என்ற பக்கத்தில் மிட்டிகேட், அலீவியேட், அஸ்வேஜ், பலியேட். அடிக்கடி மாறும் இயல்பு என்ற பக்கத்தில் கப்ரிஷஸ், ஃபிக்கிள், மேர்க்கியூரியல். பிடிவாதம், புகழ்தல், கண்டித்தல், ஏமாற்றுதல், தெளிவின்மை ஆகியவற்றுக்கும் பக்கங்கள் தேவைப்படும். பரீட்சை வாக்கியங்கள் பெரும்பாலும் ஆய்வாளரின் கருத்து, அதற்கு வந்த எதிர்ப்பு, எதிர்பாராத முடிவு போன்றவற்றைப் பேசுவதால் இவ்வகைச் சொற்களே மீண்டும் மீண்டும் வரும்.

பக்கத்தில் சேர்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அது பாராட்டா, குறைகூறலா, நடுநிலையா என்று அருகில் ஓர் அடையாளம் இடுங்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதி ஃபுரூகல், பார்சிமோனியஸ் இரண்டுக்கும் ‘சிக்கனமான’ என்று பொருள் தந்துவிடக்கூடும். ஆனால் ஒருவரைச் சிக்கனக்காரர் என்பதற்கும் கஞ்சன் என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததா? ஃபுரூகல் முன்னது, பார்சிமோனியஸ் பின்னது. டெனேஷஸ் விடாமுயற்சி, ஒப்ஸ்டினட் பிடிவாதம். தமிழில் ஏற்கெனவே நீங்கள் உணர்ந்துள்ள இந்த வேறுபாடுகளைப் பயன்படுத்தி, அகராதி தரும் முதற் பொருளை விட்டுச் சரியான தமிழ்ச் சொல்லை நீங்களே தேடி எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு அரை மணி நேரம் போனாலும் நட்டமில்லை. இடத்துக்கு ஏற்ப அடையாளம் மாறுவதும் உண்டு: அறிவியல் விளக்கம் ஒன்றைப் பார்சிமோனியஸ் என்றால், வேண்டாத அனுமானங்கள் இல்லாதது என்ற பாராட்டு அது. உயிரியல் படித்தவர்கள் இதை வகுப்பிலேயே கேட்டிருப்பார்கள்.

தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்

இந்தப் பகுதிக்குத்தான் நம்மவர் மிகக் குறைந்த நேரம் கொடுக்கிறார்கள், ஆனால் அதிகப் புள்ளிகள் கைநழுவுவதும் இங்கேதான். கடினமான சொல்லைக் கண்டால் எச்சரிக்கை வருகிறது. பழகிய சொல்லைக் கண்டால் வருவதில்லை. குவாலிஃபை என்றால் தகுதி பெறுதல் என்று அனைவருக்கும் தெரியும். ஒரு கூற்றைக் குவாலிஃபை செய்தல் என்றால் அதற்கு வரையறை இட்டு வலுவைக் குறைத்தல். சாங்ஷன் அனுமதியையும் குறிக்கும், தண்டனைத் தடையையும் குறிக்கும். டெம்பர் வினையாக வரும்போது கடுமையைத் தணித்தல். ஃபிளாக் என்றால் சோர்ந்து தளர்தல். வோன்ட் என்றால் இல்லாமை. அரெஸ்ட் என்றால் வளர்ச்சியையோ நகர்வையோ நிறுத்துதல். கரன்சி என்றால் ஒரு கருத்து பரவலாக ஏற்கப்பட்டிருத்தல்.

தோட்டப் பின்புலத்திலிருந்து வருபவருக்கு இங்கே ஒரு தனிப் பயிற்சி உண்டு. தேயிலைத் தொழிலின் ஆங்கிலச் சொற்களை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். அவற்றுள் பலவற்றுக்குத் தொழிலுக்கு வெளியே நூல்வழக்குப் பொருள் ஒன்று உண்டு. தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டுவது விதரிங். விதரிங் ரிமார்க் என்றால் கேட்டவர் முகம் வாடிப்போகும்படியான ஏளனச் சொல். இலை நிறம் மாறும் ஃபேர்மென்ட், பெயர்ச்சொல்லாக வரும்போது சமூகக் கொந்தளிப்பு. கவ்வாத்தைக் குறிக்கும் புரூன், எழுத்திலும் செலவிலும் வேண்டாததை வெட்டிக் குறைத்தல். கொழுந்து பறிக்கும் பிளக், பெயர்ச்சொல்லாயின் மனத்துணிவு. பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர், துணிவையோ ஆதரவையோ திரட்டுதல். செக்ரோலில் உள்ள செக், கட்டுப்படுத்தி நிறுத்துதல். இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் அகராதியிலிருந்து எடுத்து எழுதுங்கள். நமக்கு மட்டுமே வாய்த்த குறுக்குவழி இது. கொழும்பு டியூஷன் வகுப்புகளில் கிடைக்காது.

வேர்ச்சொல் கொண்டு பொருளை ஊகிக்கும் முறை பற்றிக் கேட்பார்கள். ‘பெனே’ நன்மை, ‘மல்’ தீமை, ‘லொக்’ பேச்சு என்று ஓர் ஐம்பது வேர்களை அறிந்திருப்பது பயனுள்ளதே. ஆனால் பரீட்சை அமைப்போருக்கும் அது தெரியும். எனேர்வேட் என்பது சக்தியூட்டுவது போல ஒலித்தாலும் சக்தியை உறிஞ்சுதல் என்றே பொருள்படும். நொய்சம் சத்தத்தோடு தொடர்பற்றது. அருவருப்பான நாற்றம் அது. ரெஸ்டிவ் ஓய்வு அன்று, அடங்காத பொறுமையின்மை. டிஸ்இன்ட்ரஸ்டட் என்பது ஆர்வமின்மை என்று தோன்றும், ஆனால் பரீட்சை எதிர்பார்க்கும் பொருள் தன்னலம் கலவாத நடுநிலை. வேர் கொண்டு ஊகித்த பொருளை வாக்கியம் உறுதிப்படுத்தினால் மட்டும் நம்புங்கள்.

நினைவில் நிறுத்துதல்

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானிய உளவியலாளர் 1885 இல் வெளியிட்ட ஆய்வு, கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே மறந்துபோவதையும், மீட்டலை இடைவெளி விட்டுப் பரப்பினால் நினைவு நீடிப்பதையும் காட்டியது. ஆதலால் ஒரே இருப்பில் நூறு சொற்களைப் படிப்பதைவிட, நாளொன்றுக்குப் பத்துப் புதிய சொற்களும் பழையவற்றின் மீட்டலும் மேலானது. நான்கு மாதங்கள் இப்படிச் செய்தால் ஆயிரம் சொற்களுக்கு மேல் சேரும். என் கணிப்பில் அதற்கு மேல் தேவைப்படுவது அரிது.

இதற்கு, நினைவு அட்டைகளை இடைவெளி விட்டு மீட்டக் காட்டும் அன்கி என்ற செயலி ஏற்றது. அன்ட்ரொய்ட் போனிலும் கணினியிலும் இலவசம். ஐபோனில் பணம் செலுத்த வேண்டும். இணையத்தொடர்பு இல்லாமலும் இயங்குவதால், சிக்னல் விட்டுவிட்டு வரும் நம் பாதைகளுக்கு மிகவும் பொருத்தமானது. ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் செல்லும் நேரத்தில் அன்றைய மீட்டல் முடிந்துவிடும். வளைவுகளில் போனைப் பார்த்தால் தலைசுற்றுபவர்கள் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். பிறர் செய்து வைத்த அட்டைத் தொகுதிகளை இறக்குவதைவிட நீங்களே அட்டை செய்யுங்கள்: முன்பக்கத்தில் அந்தச் சொல் வரும் இடத்தில் கோடிட்ட ஒரு வாக்கியம், பின்பக்கத்தில் சொல்லும் அதன் அடையாளமும். பொருளைப் பார்த்துத் தலையசைப்பது படிப்பு ஆகாது. மறைத்து வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் நினைவு பலப்படும்.

வாசிப்பு

பட்டியலில் கற்ற சொல்லை இயற்கையாக ஓரிடத்தில் காணும்போதே அது உங்களுடையதாகிறது. ஞாயிறு ஆங்கிலப் பத்திரிகைகளின் கட்டுரைப் பக்கங்கள் தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் பரீட்சைப் பந்திகளின் நடை அமெரிக்கக் கல்விசார் கட்டுரை நடை. ஏயோன், ஜேஸ்டோர் டெய்லி ஆகிய தளங்கள் அந்த நடைக்கு நெருக்கமான கட்டுரைகளை இலவசமாகத் தருகின்றன. கண்டி டி.எஸ். சேனநாயக்க நினைவு நூலகத்துக்குச் செல்லும் வாய்ப்புள்ளவர்கள் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்கள் துறைக்கு அப்பால் வாசிப்பது முக்கியம்: பொறியியலாளர் கலை வரலாற்றையும், தாவரவியலாளர் பெண்ணிய இலக்கிய விமர்சனத்தையும் வாசித்துப் பழகட்டும். ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை போதும். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள். எழுத்தாளர் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்பதை இரண்டு வாக்கியங்களில் தமிழில் எழுதிய பின்னர் தெரியாத சொற்களைத் தேடுங்கள்.

நேரமும் ஊகமும்

27 வினாக்களுக்கு 41 நிமிடங்கள் என்றால் சராசரி ஒன்றரை நிமிடம். பந்தி வினாக்கள் அதைவிட அதிகம் எடுக்கும் என்பதால், வாக்கியச் சமனையும் ஒற்றை வெற்றிடத்தையும் ஒரு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். ஒரே பிரிவுக்குள் வினாவைக் குறித்து வைத்துவிட்டுப் பின்னர் திரும்பி வரலாம்.

எதுவும் தெரியாமல் ஊகித்தால் கிடைக்கும் வாய்ப்புகள் சமமானவை அல்ல. ஒற்றை வெற்றிடத்தில் ஐந்தில் ஒன்று. இரட்டையில் ஒன்பதில் ஒன்று. வாக்கியச் சமனில் பதினைந்தில் ஒன்று. மூன்று வெற்றிடத்தில் இருபத்தேழில் ஒன்று. எல்லா வினாக்களுக்கும் புள்ளி ஒன்றுதான். எனவே மூன்று வெற்றிட வினா ஒன்றில் சான்று பிடிபடாவிட்டால், அங்கே மூன்று நிமிடங்களைப் புதைப்பதைவிட ஏதாவது ஒரு விடையைத் தெரிந்துவிட்டு, குறித்து வைத்து, முன்னே செல்வதே கணக்குக்குச் சரி. வெறுமையாக மட்டும் விடாதீர்கள்.

பரீட்சை நாளும் அதன் பின்னரும்

வீட்டிலிருந்தே எழுதும் வசதி உண்டு. அதற்குச் சொந்தக் கணினி, அறுந்து போகாத இணையத்தொடர்பு, பரீட்சை முடியும் வரை வேறு எவரும் நுழையாத கதவடைத்த அறை ஆகிய மூன்றும் வேண்டும். லயக் குடியிருப்பில் மூன்றாவதைப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தாளில் குறிப்பெடுக்க முடியாது. அழிக்கக்கூடிய சிறு வெண்பலகை போன்ற ஒன்று வேண்டும். நிலையத்துக்குச் சென்று எழுதத் தீர்மானிப்பவர் முதல் நாளே பயணம் செய்து அங்கே தங்குவது நல்லது. மழைக்காலத்தில் மண்சரிவால் வீதியும் ரயில் பாதையும் மூடப்படுவது நமக்குப் புதிதல்ல. பதிவு செய்யும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுதுங்கள்; தந்தை பெயரை முதலெழுத்தாக எழுதும் நம் வழக்கம் இங்கே சிக்கலைத் தரும்.

கடைசி வாரத்தில் புதிய சொற்களைச் சேர்க்காதீர்கள். அட்டைகளை மீட்டி, பழைய பிழைகளின் குறிப்பை வாசித்து, நாளுக்கொரு சிறு பிரிவை நேரம் பார்த்துச் செய்தால் போதும்.

பரீட்சை முடிந்ததும் மொழி, கணிதப் புள்ளிகளை உத்தியோகப்பற்றற்ற முறையில் திரையிலேயே காணலாம்; உத்தியோகபூர்வப் பெறுபேறு எட்டு முதல் பத்து நாட்களில் வரும், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். மீண்டும் எழுத 21 நாட்கள் காத்திருக்க வேண்டும், பன்னிரண்டு மாதங்களுக்குள் ஐந்து தடவைகளுக்கு மேல் எழுத முடியாது. எந்தத் தடவையின் பெறுபேற்றைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பது உங்கள் தெரிவு. வினாக்களை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டே பரீட்சைக்கு அமர்கிறீர்கள் என்பதால், அவற்றை எழுதி வைப்பதோ நண்பருக்குச் சொல்வதோ கூடாது. ஆனால் எந்த வகை வினாவில் நேரம் போயிற்று, சொல் தெரியாமல் தடுமாறினீர்களா, வாக்கியம் புரியாமல் தடுமாறினீர்களா என்பதை அன்று மாலையே குறித்துக்கொள்வதற்குத் தடையில்லை. மறுபடி எழுத நேர்ந்தால், 21 நாட்களில் எதைப் படிப்பது என்பதை அந்தக் குறிப்பைக் கொண்டு தீர்மானித்துக்கொள்ளலாம்.